உறவும் உத்தரவாதமும்

உறவினரைப் பிறநாட்டுக்கு அழைத்துக்கொள்வதைப் பற்றி நம்மவரிடையே இரண்டு விதமான பேச்சுக்களே வழங்கி வருகின்றன. ஒன்று புகழ்ச்சி; மற்றது பழிப்பு. “தம்பியை எடுத்தான், தாய் தகப்பனை எடுத்தான், குடும்பத்தையே கரையேற்றிவிட்டான்” என்பது முதலாவது. “அங்கே போனதும் கூடப்பிறந்ததுகளையே மறந்துவிட்டான்” என்பது இரண்டாவது. இரண்டும் தனி மனிதனொருவனின் குணத்தின்மேல் வழங்கப்படும் தீர்ப்புக்கள். நல்லவன் எடுத்தான், அல்லாதவன் கைவிட்டான். எடுப்பவனுக்கும் எடுக்கப்படுபவனுக்கும் நடுவே சட்டமென ஒன்று நிற்பதையும், அது சில உறவுகளை உறவென ஏற்றுச் சிலவற்றைத் தள்ளிவிடுவதையும், ஏற்றுக்கொண்ட உறவின் தலையிலும் பெருஞ்சுமையொன்றை ஏற்றிவைப்பதையும் இப்பேச்சுக்கள் காண்பதில்லை.

புலம்பெயர்வு பற்றிய நம் எழுத்தின் கணிசமான பகுதி இவ்விரு பேச்சுக்களின் விரிவாகவே அமைந்துவிட்டது என்பது என் எண்ணம். இதனை விளக்குவதற்கு நம் மொழிக்கு வெளியே பிறந்த நாடகமொன்றை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்க நாடகாசிரியர் ஆதர் மில்லரின் ‘பாலத்திலிருந்து ஒரு பார்வை’ என்பதே அது. உறவினருக்குக் கைகொடுக்க முன்வந்த ஒருவன், ஈற்றில் அவர்களையே அதிகாரிகளிடம் காட்டிக்கொடுப்பவனாக மாறுவதைக் கூறுவது அந்நாடகம். அம்மாற்றத்தின் காரணத்தை எங்கே தேடுவது என்ற கேள்வி நம் இலக்கியத்துக்கும் உரியதாகும்.

இந்நாடகம் 1955-ல் நியூயோர்க்கில் ஓரங்கமாக அரங்கேறியது. மில்லர் அதனை ஈரங்கமாகத் திருத்தி எழுத, 1956-ல் பீற்றர் புறூக் லண்டனில் மேடையேற்றினார். இன்று பெரிதும் ஆடப்படுவதும் படிக்கப்படுவதும் அத்திருத்திய வடிவமே. களம், நியூயோர்க் நகரின் புரூக்ளின் பகுதியிலுள்ள ரெட் ஹூக் என்னும் துறைமுகச் சேரி. கதைத் தலைவன் எடி கார்போனே கப்பலிற் சாமான் ஏற்றி இறக்கும் தொழிலாளி. மனைவி பீற்றிஸ். அவளுடைய இறந்துபோன சகோதரியின் மகளான கதரினை இருவரும் தம் மகள்போல் வளர்த்திருக்கின்றனர். இத்தாலியின் சிசிலித் தீவிலிருந்து பீற்றிஸின் ஒன்றுவிட்ட சகோதரர் இருவர், மார்க்கோவும் ரொடோல்போவும், அனுமதியின்றிக் கப்பலேறி வந்து அவ்வீட்டில் ஒளிந்து வாழ்கின்றனர். மார்க்கோவுக்கு ஊரிலே மனைவியும் மூன்று பிள்ளைகளும் உள்ளனர். மூத்த பிள்ளைக்கு நெஞ்சு நோய். சில ஆண்டுகள் உழைத்துப் பணம் அனுப்பிவிட்டுத் திரும்பிச் செல்வதே அவன் எண்ணம். இளையவன் மணமாகாதவன், அமெரிக்காவிலேயே நிலைக்க விரும்புகிறான். அவனுக்கும் கதரினுக்கும் காதல் அரும்புகிறது. எடியால் அதனைப் பொறுக்க முடியவில்லை. அல்ஃபியரி என்னும் வழக்கறிஞரிடம் சென்று, இதைத் தடுக்கச் சட்டத்தில் வழியில்லையா எனக் கேட்கிறான். ஒரு பெண் தான் விரும்பியவனை மணப்பதைத் தடுக்கச் சட்டம் எதுவுமில்லை. அவர்கள் நாட்டுக்குள் நுழைந்த விதம் ஒன்றே சட்டத்தின் பிடியிலுள்ளது என்பதுதான் அவனுக்குக் கிடைக்கும் விடை. எடி அந்த ஒன்றையே கைக்கொள்கிறான். குடிவரவு அலுவலகத்துக்குத் தொலைபேசியிற் செய்தி கொடுக்கிறான்.

எடியின் மனத்தடியிற் கிடந்த தகாத ஆசையே அவன் வீழ்ச்சிக்குக் காரணம் என்று கூறி அமைந்துவிடும் விமர்சகர் பலர். நாடகத்தில் அவ்வாசை இருப்பது உண்மை; தன் மகள்போல் வளர்த்த பெண்ணின்மேல் அவனுக்கிருந்த பற்று வெறும் தந்தைப் பற்றன்று என்பதை மில்லர் மறைக்கவில்லை. ஆயினும் இவ்விளக்கம் பாதியே. தகாத ஆசையும் பொறாமையும் எந்த நாட்டிலும் எந்த வீட்டிலும் தோன்றக்கூடியவை. தோன்றியவுடனே ஒரு தொலைபேசி அழைப்பினால் இரு மனிதரின் வாழ்வை அழிக்கும் வல்லமை எல்லாப் பொறாமைக்காரருக்கும் கிடைத்துவிடுவதில்லை. எடிக்கு அவ்வல்லமையைக் கொடுத்தது எது?

முதலாம் உலகப் போருக்கு முந்திய சில ஆண்டுகளில் இத்தாலியிலிருந்து ஆண்டொன்றுக்கு இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் அமெரிக்காவில் இறங்கினர். தொழிற்சாலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் கைகள் தேவைப்பட்ட காலம் அது. 1924-ம் ஆண்டின் குடிவரவுச் சட்டம் இத்தாலிக்கு ஒதுக்கிய பங்கு ஆண்டுக்கு 3,845 பேர். ஆசியருக்கு ஏறத்தாழக் கதவே அடைபட்டது. 1952-ம் ஆண்டுச் சட்டம் அக்கதவைச் சிறிது திறந்தபோதும், பெரும்பாலான ஆசிய நாடுகளுக்கு ஆண்டுக்கு 100 பேர் என்றே அளந்து கொடுத்தது. இந்த எண்களை நினைவில் வைத்துக்கொண்டு நாடகத்தைப் படித்தால், மார்க்கோ ஏன் சட்டத்துக்குப் புறம்பான வழியில் வந்தான் என்று கேட்கவேண்டியதில்லை. சிசிலியில் வேலையில்லை, அமெரிக்காவில் வேலையுண்டு, இரண்டுக்குமிடையே 3,845 என்ற எண்ணைச் சற்றே மாற்றி வைத்துக்கொண்டிருந்தது சட்டம். அவ்விடைவெளியிற் பிழைத்தவர்கள் ஆட்களை ஏற்றியிறக்கிய தரகர்கள். தங்களுக்குச் சேரவேண்டிய கடன் தீரும்வரை வந்தவர்களுக்கு வேலை கிடைப்பதை அவர்களே பார்த்துக்கொள்வர். தீர்ந்தபின் அவரவர் பாடு அவரவருக்கு. இதனையும் மில்லர் நாடகத்தினுள்ளே போகிறபோக்கிற் கூறிச் செல்கிறார்.

ஆகவே எடியின் வீட்டில் இருவகை மனிதர் வாழ்கின்றனர். சட்டத்தின் கண்ணில் இருப்பவர்கள் ஒரு வகை. இல்லாதவர்கள் மற்றொரு வகை. இல்லாதவர்கள் இருப்பவர்களின் தயவிலேயே இருக்கவேண்டும். எடி இயல்பிற் கொடியவன் அல்லன் என்பது இங்கே முக்கியமானது. விருந்தாளிகள் வருமுன் வீடு துப்புரவாக்கப்படவில்லையே, மேசைக்குப் புதுவிரிப்பு வாங்கவில்லையே எனப் பீற்றிஸ் கலங்கும்போது அவளைத் தேற்றுபவன் அவனே. அவர்களுக்கு இடங்கொடுப்பதைத் தன் வீட்டுக்குக் கிடைத்த மதிப்பாகக் கொள்கிறான். ஆனால் அடைக்கலம் கொடுக்கும் கையிலேயே காட்டிக்கொடுக்கும் வல்லமையும் இருக்கிறது. எடி விரும்பி அதனைத் தேடவில்லை. சட்டம் அதனை அவன் கையில் வைத்துவிட்டு, அவன் மனத்தில் ஒரு பலவீனம் தோன்றும்வரை காத்திருந்தது. இன்னும் ஒன்று: அதிகாரிகள் வந்தபோது மார்க்கோவும் ரொடோல்போவும் மட்டும் பிடிபடவில்லை. மேல்மாடியில் ஒளிந்திருந்த, இறைச்சிக்கடைக்காரரொருவரின் உறவினரான இரண்டு இளைஞரும் அகப்பட்டுக்கொண்டனர். எடிக்கு அவர்கள்மேல் எவ்விதப் பகையுமில்லை. தனிமனிதப் பகைக்காகச் சட்டத்தின் பொறியை இயக்குபவன், அது யார் யாரை விழுங்குமென நிர்ணயிக்க முடியாது.

மில்லரின் சொந்த அனுபவமும் இந்நாடகத்திற் கலந்திருக்கிறது. 1952-ல் அவருடைய நண்பரும் நெறியாளருமான எலியா கசான், அமெரிக்கப் பாராளுமன்றக் குழுவின்முன் தம் பழைய தோழரின் பெயர்களைக் கூறினார். 1954-ல் மில்லருக்கே கடவுச்சீட்டு மறுக்கப்பட்டது. 1956-ல் அதே குழுவின்முன் அழைக்கப்பட்ட அவர், பிறர் பெயர்களைச் சொல்ல மறுத்தார். காட்டிக்கொடுத்தலைப் பற்றிய நாடகமாக இதனைப் படிப்பவர்கள் இவற்றையெல்லாம் சுட்டுவர். அது சரியே. எனினும் கடவுச்சீட்டு மறுக்கப்பட்ட எழுத்தாளரொருவர், கடவுச்சீட்டின்றி வந்த தொழிலாளரைப் பற்றி எழுதினார் என்பதையும் சேர்த்தே நோக்கவேண்டும். மனிதனின் நடமாட்டத்தை அரசு ஒரு தாளிற் கட்டிவைக்கும்போது மனித உறவுக்கு என்ன நேருகிறது என்பதை அவர் தெளிவாகவே உணர்ந்திருந்தார்.

நாடகத்தில் மற்றொரு செய்தி, நம்மவர்க்கு மிக நெருக்கமானது. ரொடோல்போ கதரினை விரும்புவது அவளுக்காகவன்று, அமெரிக்கக் குடியுரிமைக்காகவே என எடி சொல்லிக்கொண்டேயிருக்கிறான். அவனுடைய பொறாமைக்குச் சட்டத்தின் மொழி ஒரு கண்ணியமான போர்வையாகிறது. இதனாற் கலங்கிய கதரின், இத்தாலிக்குச் சென்று வாழ நேர்ந்தாலும் என்னை மணப்பாயா என்று ரொடோல்போவைக் கேட்கிறாள். அவன் சினங்கொள்கிறான். ஒரு பெண் தன் காதலனிடம் கேட்கும் கேள்வியாக அது அமைந்திருந்தாலும், உண்மையில் அது குடிவரவு அதிகாரியின் கேள்வி. மேசைக்கு அப்பாலிருந்து கேட்கப்படவேண்டிய வினா காதலியின் வாயிலே புகுந்துவிட்டது. இந்நாடகத்தின் மிகத் துயரமான இடம் எடியின் மரணமன்று, இதுவே என்பது என் கருத்து.

இவையெல்லாம் கள்ளமாக வந்தவர்களின் கதைதானே, சட்டப்படி வருபவர்களுக்கு இத்துன்பங்கள் இல்லையே என்று ஒருவர் கேட்கலாம். இக்கேள்விக்கு விடை காணாமல் நாம் மேலே செல்ல முடியாது.

1965-ல் அமெரிக்கா நாட்டு வாரியான பழைய பங்கீட்டை நீக்கிக் குடும்ப உறவை நுழைவுரிமையின் முதன்மையான அடிப்படையாக்கியது. பெற்றோர், பிள்ளைகள், வாழ்க்கைத்துணை, சகோதரர் எனப் படிநிலை வகுத்தது. ஏற்கெனவே அந்நாட்டிலிருந்தோர் பெரும்பாலும் ஐரோப்பிய வழியினராதலின் அவர்களுடைய உறவினரும் ஐரோப்பியராகவே இருப்பர் எனக் கணக்கிட்டு இதனை ஆதரித்தவர்களும் உண்டு. ஆசிய மக்கள் அக்கணக்கைப் பொய்யாக்கினர். கனடாவின் 1976-ம் ஆண்டுச் சட்டம் குடும்ப வகுப்பு என்ற பிரிவைத் திட்டமாக வரையறுத்தது. 1983 யூலைக்குப் பின்னர் நம்மவர் பல்லாயிரவர் கனடாவிற் குடியேறியபோது, அவர்களுள் அகதிகளாக முதலில் இறங்கியவர்கள் தம் உறவினரை அழைத்தது பெரும்பாலும் இவ்வகுப்பின் வழியாகவே. சட்டவழி திறந்தது பெரும் நன்மை என்பதில் ஐயமில்லை. மார்க்கோவுக்கு அப்படியொரு வழி இருந்திருப்பின் எடிக்கு அத்தொலைபேசியால் பயனிருந்திராது.

ஆனால் சட்டவழியிலும் எடியின் வல்லமை அழிந்துவிடவில்லை. அது பத்திரத்தில் ஏறி, ஒப்பமிடப்பட்டு, ஆண்டுக் கணக்கு வகுக்கப்பட்டிருக்கிறது. கனடாவில் ஒருவன் தன் தாய் தந்தையரை அழைக்க விரும்பினால், வந்தவர்கள் அரசின் சமூக உதவிப் பணத்தை நாடாதபடி தானே தாங்குவேன் என உத்தரவாதம் எழுதிக் கொடுக்கவேண்டும். அவ்வுத்தரவாதத்தின் காலம் முன்னர் பத்து ஆண்டுகள். 2014-ல் அது, கியூபெக் மாகாணம் நீங்கலாக, 20 ஆண்டுகளாக்கப்பட்டது. குறைந்த வருமான எல்லைக்கு மேலும் 30 வீதம் கூடிய வருமானம் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் இருந்ததெனக் காட்டவும் வேண்டியதாயிற்று. கணவன் அல்லது மனைவிக்கான உத்தரவாதம் மூன்று ஆண்டுகள். உறவு முறிந்தாலும் இவ்வுத்தரவாதம் முறிவதில்லை. 2011-ல் கனடாவின் உச்ச நீதிமன்றம் இதனை உறுதிப்படுத்தியது: அழைத்து வரப்பட்டவர் பெற்ற உதவிப்பணம் அழைத்தவரின் கடனே, அதனை அறவிடும் முறையில் அரசு நியாயமாக நடந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். மணவாழ்வு மறைந்தபின்னும் அதன் கணக்கு மட்டும் நிலைத்து நிற்கிறது.

இதன் வர்க்கப் பொருளை ஆராய்ந்து பார்த்தல் வேண்டும். ஒரு மனிதனைப் பெற்று, வளர்த்து, படிப்பித்து, உழைக்கும் வயதுக்குக் கொண்டுவந்த செலவு முழுவதையும் ஏற்றது அவன் பிறந்த ஊர். உழைப்பின் பயனைப் பெறுவது சென்ற நாடு. அவனை வளர்த்தவர்கள் முதுமையில் அவனருகே இருக்க விரும்பினால், அவர்களுடைய சீவியத்துக்குரிய பொறுப்பை அந்நாடு ஏற்காது, அவனே ஏற்கவேண்டும். அவனுடைய வருமானம் போதாதெனின் அவனுக்குத் தாய் தந்தையரோடு வாழும் உரிமையுமில்லை. இரண்டு வேலை செய்யும் உணவகத் தொழிலாளிக்கும், கணக்காளராகவோ வைத்தியராகவோ உயர்ந்த அவனுடைய ஊரவனுக்கும் பாசம் ஒன்றேயாயினும், பாசத்துக்குரிய தகுதி ஒன்றன்று. தகுதியுள்ளவரிடையேயும் இடங்கள் போதாமையால் 2017-ல் குலுக்கல்முறை கொண்டுவரப்பட்டது. 2019-ல் முந்தியவர்க்கே இடமென மாற்றியபோது சில நிமிடங்களிலேயே அனைத்தும் நிரம்பின. 2020-ல் திரட்டிய பெயர்ப்பட்டியலிலிருந்து பின்வந்த பல ஆண்டுகளுக்கும் ஆட்கள் பொறுக்கப்பட்டனர். தாயின் முகத்தைக் காண்பது அதிர்ஷ்டச் சீட்டாயிற்று. 2011-ல் தொடங்கிய நீண்டகால வருகை விசா இதற்கொரு மாற்றாகக் காட்டப்படுகிறது. அதன்வழி வரும் பெற்றோர் நெடுங்காலம் தங்கலாம். ஆயின் அவர்கள் வருகையாளரே. தனியார் மருத்துவக் காப்புறுதியை அவர்களுக்கென விலைகொடுத்து வாங்கவேண்டும். இவ்வாறு வந்த தாய்மாரிற் பலர் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கின்றனர். அதனால் மகளும் மருமகனும் வேலைக்குச் செல்கின்றனர். கூலியில்லாத அவ்வுழைப்பு எந்த நாட்டின் கணக்கிலும் ஏறுவதில்லை.

சட்டம் காணும் குடும்பத்துக்கும் நாம் வாழும் குடும்பத்துக்கும் உள்ள வேறுபாடும் சிந்திக்கத்தக்கது. மணமாகாத தங்கைக்கு அண்ணனே தந்தை. அக்காளின் பிள்ளை தன் பிள்ளைக்குச் சமம். பெரியம்மா இரண்டாவது தாய். கனடாவின் குடும்ப வகுப்பில் சகோதரருக்கு இடமில்லை. பெற்றோரை இழந்த, 18 வயதுக்குட்பட்ட, மணமாகாத தம்பி தங்கையர் போன்ற சில விலக்குகளே உண்டு. தங்கியிருக்கும் பிள்ளை யார் என்பதும் நிலையான வரையறையன்று. 22 வயதுக்குட்பட்டவர் பிள்ளை என்றிருந்த விதி 2014-ல் 19 ஆகக் குறைக்கப்பட்டு, 2017-ல் மீண்டும் 22 ஆக்கப்பட்டது. அம்மூன்று ஆண்டுகளுக்குள் இருபது வயதை அடைந்த மகளொருத்தி, தன் தாய்க்கு மகளாயிருந்தும் சட்டத்துக்கு மகளல்லாது போனாள். குடியேறும்போது படிவத்திற் பெயர் குறிப்பிடாது விடப்பட்ட பிள்ளையைப் பின்னர் குடும்ப வகுப்பில் அழைக்க முடியாது என்றொரு விதியும் நெடுங்காலம் கடுமையாக நடைமுறையிலிருந்தது. 2019-ல்தான் அது ஓரளவு தளர்த்தப்பட்டது. அச்சத்தினாலோ வெட்கத்தினாலோ எழுதாமல் விட்ட ஒரு பெயருக்காக ஒரு குழந்தை தன் இளமை முழுவதையும் ஈடுகொடுக்க நேர்ந்தது.

சட்டம் உறவை மட்டுமே கதவாக்கும்போது, உறவில்லாதோர் உறவை ஆக்கிக்கொள்வதும் நிகழ்ந்துள்ளது. 1882 முதல் 1943 வரை சீனத் தொழிலாளருக்கு அமெரிக்காவின் கதவு மூடப்பட்டிருந்தது. 1906-ல் சான் பிரான்சிஸ்கோவைப் பூகம்பமும் தீயும் அழித்தபோது பிறப்புப் பதிவேடுகளும் எரிந்தன. அதன்பின் அங்கிருந்த சீனர் பலர் தாம் அந்நாட்டிற் பிறந்தவர்கள் எனக் கூறி, ஊரிலுள்ள பிறர் பிள்ளைகளைத் தம் மக்களெனப் பத்திரத்தில் எழுதி அழைத்தனர். ‘காகித மைந்தர்’ என்றே அவர்களுக்குப் பெயராயிற்று. வந்தவர்கள் வாழ்நாள் முழுவதும் அந்நியன் பெயரைச் சுமந்தனர். 2015-ல் கான் திரைப்பட விழாவின் உயர்பரிசைப் பெற்ற, ஜாக் ஓடியாரின் ‘தீபன்’ என்ற பிரெஞ்சுத் திரைப்படம் இதே முடிச்சை நம்மவரின் வாழ்விலே வைத்துக் காட்டியது. இறந்துபோன குடும்பமொன்றின் கடவுச்சீட்டுக்களுடன், ஒருவருக்கொருவர் அந்நியரான ஆணும் பெண்ணும் சிறுமியும் ஒரு குடும்பமாகப் பிரான்சுக்கு வருகின்றனர். தலைமைப் பாத்திரத்தை ஏற்றவர் நம் எழுத்தாளர் ஷோபாசக்தி. அப்பெண் யாழினி இங்கிலாந்திலுள்ள தன் உறவினளிடம் போய்ச் சேரவே துடிக்கிறாள். பொய்க் குடும்பத்தினுள்ளே மெய்யான பிணைப்பு ஏற்படுவதை அப்படம் நன்கு காட்டுகிறது. ஆயின் ஈற்றில் துப்பாக்கியைத் தூக்கியதும் அது பழைய வழியிற் சென்றுவிடுகிறது. அம்மூவரும் அதிகாரியின்முன் குடும்பமாக நடிக்கும் முற்பகுதியே அதன் உயர்ந்த பகுதி.

மெய்யான குடும்பங்களும் நடிக்கவேண்டியே இருக்கின்றன என்பதுதான் இதனினும் கசப்பான உண்மை. திருமணம் போலியானதாகவோ, குடியேறும் நோக்கத்துக்காகவே செய்யப்பட்டதாகவோ இருத்தலாகாது என்பது விதி. 2010-க்கு முன்னர் இரண்டு குறைகளும் சேர்ந்திருந்தால்தான் மறுக்கலாம். அதன்பின் ஒன்றே போதும் என்றாயிற்று. எனவே கலியாணப் படங்கள், தொலைபேசிக் கணக்குகள், கடிதங்கள், ஒன்றாகச் சென்றுவந்த இடங்களின் சாட்சிகள் எல்லாம் கட்டுக்கட்டாக அனுப்பப்படுகின்றன. பெற்றோர் பேசிச் செய்யும் மணத்தில், மணநாள்வரை ஓரிருமுறை மட்டுமே பேசிக்கொண்ட பெண்ணும் ஆணும் நெடுநாட் காதலர்போற் படமெடுத்துக்கொள்கின்றனர். எங்கள் பாடசாலையில் ஆங்கிலம் கற்பித்தவன் என்பதால் இத்தகைய பத்திரங்களை மொழிபெயர்த்துக் கொடுக்கும்படி என்னிடமும் சிலர் வந்ததுண்டு. கணவன் எழுதிய கடிதங்களை ஒரு பெண் என் மேசைமேல் வைத்து, “இதிலே எது நல்லது, சேர், அதை அனுப்பலாம்” என்று கேட்டாள். தன் கடிதங்களை அவளே அதிகாரியின் கண்ணாற் பார்க்கத் தொடங்கிவிட்டாள். கதரினின் கேள்வியை நான் அன்றுதான் முழுமையாக விளங்கிக்கொண்டேன்.

அவ்வாறு சென்ற பெண்களின் நிலையில் எடியின் நிழல் மேலும் நீண்டது. 2012 முதல் 2017 வரை கனடாவில், புதிதாக மணந்து பிள்ளைகளின்றி வந்த துணைவர்கள் இரண்டு ஆண்டுகள் அழைத்தவருடன் சேர்ந்து வாழ்ந்தால்தான் அவர்களுடைய குடியிருப்பு உரிமை நிலைக்கும் என்ற விதி இருந்தது. கொடுமைக்குள்ளானோர்க்கு விலக்கு உண்டு என எழுதியிருந்தனர். ஆனால் மொழியறியாது, வீதியறியாது வந்த ஒருத்தி அவ்விலக்கை அறிந்து, சாட்சி தேடி, அலுவலகத்தின் படியேறுவதெங்ஙனம்? கெட்ட கணவனுக்கு அவ்விதி ஒரு தொலைபேசியாகப் பயன்பட்டது. பெண்கள் அமைப்புக்களும் சட்ட உதவி நிலையங்களும் தொடர்ந்து வற்புறுத்தியதனாலேயே அது நீக்கப்பட்டது. சட்டம் இயற்கையின் விதியன்று, போராடினால் மாறக்கூடியது என்பதற்கு இதுவொரு சான்று.

இனி நம் இலக்கியத்துக்கு வருவோம். உறவினரை அழைத்துக்கொள்வது நமக்குப் புதிய வழக்கமன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து யாழ்ப்பாணத்தவர் மலாயாவின் புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் உத்தியோகம் பார்க்கச் சென்றனர். அண்ணன் தம்பியை அழைத்தான். மாமன் மருமகனை அழைத்தான். மலாயாப் பென்சனில் எழுந்த கல்வீடுகளை இன்றும் காணலாம். ஒரே பேரரசின் ஆட்சிக்குட்பட்ட நாட்டிலிருந்து மற்றொன்றுக்குச் சென்ற அவர்களை, இன்றுபோல் இருபது ஆண்டு உத்தரவாதம் வழிமறிக்கவில்லை. இதற்கு மறுபுறத்தில், சட்டம் உறவை வெட்டிப் பிரித்ததையும் இந்நாடு கண்டிருக்கிறது. 1948-ல் குடியுரிமை இழந்த மலையக மக்களை, 1964-ம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் எண்களாகப் பங்கிட்டது. அண்ணன் இங்கும் தங்கை அங்குமாகக் குடும்பங்கள் பிரிந்த அப்புகையிரதத்தை அம்மக்கள் ‘அழுகைக் கோச்சி’ என்றனர். கந்தோர் உத்தியோகத்தனுக்குக் கடல் வழியாயிற்று. கொழுந்து பறித்தவளுக்கு அது சுவராயிற்று. குடிபெயர்வை வர்க்கக் கண்கொண்டு நோக்காதவர்க்கு இவ்விரண்டும் தொடர்பற்ற இரு செய்திகளாகவே தோன்றும்.

புலம்பெயர்ந்தோர் இலக்கியம் சென்ற நாற்பது ஆண்டுகளிற் கணிசமாக வளர்ந்துள்ளது. பயணத்தின் இடர்களை அது சிறப்பாகவே சித்திரித்திருக்கிறது. கனடாவை நோக்கிப் புறப்பட்ட அகதிகளின் நெடுவழியை அ. முத்துலிங்கம் ‘கடவுள் தொடங்கிய இடம்’ என்ற நாவலிற் பொருளாக்கினார். எல்லை கடத்தல், தரகர், இருட்டறை, பனிக்காடு ஆகியன நம் புனைகதைக்குள் வந்துவிட்டன. ஊர்நினைவும் போதிய அளவுக்கு மேலாகவே வந்துவிட்டது. ஆனால் கள்ளவழியில் வந்தவன் நிலைபெற்றபின் பிறரைச் சட்டவழியில் அழைக்கும் அந்நீண்ட, ஓசையற்ற காலம், நான் படித்த அளவில், அதற்குரிய ஆழத்துடன் எழுதப்படவில்லை. அதில் ஓட்டமில்லை, துரத்தலில்லை. படிவம் நிரப்புதலும் காத்திருத்தலுமே உள்ளன. எனவே அது கதைக்குரிய பொருளன்று என எழுத்தாளர் எண்ணிவிட்டனர் போலும். எழுதியோரிற் பலர் நன்றி கெட்ட தம்பி, கல்நெஞ்ச அண்ணன், ஆடம்பர அண்ணி என்னும் வார்ப்புகளுடன் நிறுத்திக்கொண்டனர். எடியைப் பற்றி ‘அவன் கெட்டவன்’ என்று மட்டும் மில்லர் எழுதியிருந்தால் அந்நாடகத்தை இன்று யார் படிப்பர்?

முற்போக்காளர் சிலரிடம் வேறொரு குறை உண்டு. நாட்டை விட்டுச் செல்பவரெல்லாம் போராட்டத்தைக் கைவிட்டு ஓடுவோர். அவர்களுடைய துன்பம் தாமே தேடிக்கொண்டது என்பது அவர்கள் வாதம். இதனை ஏற்பதற்கில்லை. வேலையின்மையும் போரும் இனவொடுக்கலும் துரத்தியவர்களை வசைபாடுவது சமுதாய விமர்சனமாகாது. ஊரில் மிஞ்சியோரைப் பல ஆண்டுகள் உயிருடன் வைத்திருந்தது அவர்கள் அனுப்பிய பணமே. புதிதாக வந்தவனுக்குத் தன் அறையிற் பாய் விரித்துக்கொடுத்தவன், தன் பழைய குளிரங்கியைப் போர்த்தி அவனைத் தன் தொழிற்சாலை வாசலுக்குக் கூட்டிச் சென்றவன், தன் ஓய்வுநாளைக் கொடுத்து அலுவலகப் படிவங்களை விளக்கியவன், இவர்களெல்லாம் தொழிலாளர் தோழமையின் எளிய உருவங்கள். அத்தோழமையைப் போற்றவேண்டும். அதே வேளையில், அது எந்தக் கட்டத்திலே கடனாகிறது, கடன் எந்தக் கட்டத்திலே ஆதிக்கமாகிறது என்பதையும் ஆராயவேண்டும். போற்றுதலும் ஆராய்தலும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

நம் பேச்சுவழக்கிலுள்ள ‘எடுத்தல்’ என்ற சொல்லையே ஒரு கணம் நினைத்துப் பார்க்கலாம். தாயை எடுத்தான், தங்கையை எடுத்தான் என்கிறோம். எடுப்பவன் ஒருவன், எடுக்கப்படுவது மற்றொன்று. அழைத்தான் என்ற சொல்லில் வருபவருடைய விருப்பமும் அடங்கியிருக்கிறது. எடுத்தான் என்பதில் அது மறைந்துபோகிறது. இருபது ஆண்டு உத்தரவாதம் எழுதியவனின் வீட்டில், குளிர் தாங்காது ஊருக்குத் திரும்ப விரும்பும் தாய் அதனை வாய்விட்டுச் சொல்லாதிருப்பது ஏன்? தனக்காக அண்ணன் செலவிட்டதை எண்ணி, தான் விரும்பாத மணத்துக்குத் தங்கை தலையசைப்பது ஏன்? மச்சானின் கடையிற் குறைந்த கூலிக்கு உழைப்பவன் தொழிற்சங்கத்தின் வாசலை மிதிக்கத் தயங்குவது ஏன்? இக்கேள்விகளிலே எத்தனையோ நாவல்களுக்குரிய பொருள் கிடக்கிறது. இவற்றில் எவரும் கொடியவரல்லர். எல்லோரும் ஒருவருக்கொருவர் உதவவே முனைந்தவர்கள். அதனாலேயே அவர்களின் கதை வில்லன் வேண்டாத, உண்மையான அவலமாகக்கூடியது.

மில்லரின் நாடகத்தின் இறுதியில் எடி தன் பெயரைத் திருப்பித் தரும்படி மார்க்கோவிடம் கேட்டு, தான் உருவிய கத்தியாலேயே மடிகிறான். தெரு முழுவதும் அவனைத் துறந்தது. ஆனால் மார்க்கோவின் பிள்ளைகளுக்குப் பால் வார்க்கும் கையைத் தட்டிவிட்ட சட்டத்தை அத்தெருவில் எவரும் துறக்கவில்லை. துறக்கும் வழியையும் அவர்கள் அறியார். அவ்விடத்தில் நாடகாசிரியர் நின்றுவிடுகிறார். அவர் நின்ற இடத்திலிருந்து மேலே செல்வது பிறர் கடமை. உறவினரின் குணத்தை எடைபோடுவதோடு நில்லாது, அவர்களுக்கிடையே வைக்கப்பட்ட உத்தரவாதப் பத்திரத்தையும் எழுத்தாளன் விரித்துப் படிக்கவேண்டும். பாசத்துக்கு வருமான எல்லை வகுத்தவர் யார், அதனால் இலாபமடைபவர் யார் என்று கேட்கவேண்டும். ஆசிரியர்களும் மாணவர்களுமாகிய நாம், அத்தகைய எழுத்து வரும்போது அதனை இனங்காணக் கற்றிருத்தல் வேண்டும். வரும்வரை அதனைக் கேட்டுக்கொண்டேயிருத்தலும் வேண்டும்.